கண்டிக் காது சொன்ன இடம்

கண்டியில் ஒரு பாட்டுக் குழு நன்றாக வாசிக்கிறதா, சும்மா சத்தம் போடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் பஸ்லினாவைக் கேட்டால் போதும். அவள் ஒன்றும் சங்கீதம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் வேலை. ஆனால் அல்லாஹ் அவளுக்கு இரண்டு காதைக் கொடுத்திருக்கிறான் பாருங்கள், அப்படிக் காது ஊரில் வேறு யாருக்கும் இல்லை. இதைச் சொல்வது நான் மட்டும் இல்லை. ‘கண்டிக் காது’ என்று அவள் எழுதுகிற ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்க்கிற சனம் முழுக்கச் சொல்லும். பக்கத்தை நடத்துகிறவர் டவுனில் அச்சகம் வைத்திருக்கும் ஸ்ரீதரன். அவருக்குப் பாட்டில் ‘ப’ கூடத் தெரியாது. தெரியாததனால்தான் அவள் எழுதுவதில் கை வைப்பதில்லை, அந்த மட்டில் புத்திசாலி.

ஒவ்வொரு வருடமும் மகாவலி ஓரத்து மைதானத்தில் ஆற்றங்கரை இசை விழா நடக்கும். அதற்கு முன்னால் மேடை ஏறப்போகும் குழுக்களையெல்லாம் பஸ்லினா ஒத்திகையிலேயே போய்க் கேட்டு எழுதிவிடுவாள். எழுதுவதில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘அருமையான குழு, குடும்பத்தோடு வாருங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகப் பந்தல் போடமாட்டாள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு இடத்தைக் காட்டுவாள். ‘இங்கே காதைக் கொடுங்கள்’ என்று எழுதி, எந்தப் பாட்டில், எந்த இடத்தில் அந்தக் குழுவின் உயிர் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். விழாவன்று சனம் அந்த இடத்துக்காகவே காத்து நிற்கும். வந்ததும் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருத்தரையொருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். வராமல் போனால் அவள் பெயர் கந்தல்தான். ஆனால் ஒரு தடவையும் வராமல் போனதில்லை. நேரில் போய்க் கேட்காமல் அவள் ஒரு வரி எழுதியதில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

இந்த வருடமும் அப்படித்தான் கிளம்பினாள். கணவன் நபீல் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். பின்னேரம் பின்னேரமாக அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மலையும் பள்ளமும் திரிந்தான்.

“பாட்டுக் கேக்கிற ஒன்ட காது. நோவுற என்ட முதுகு,” என்பான். ஆனால் ஒத்திகை முடிகிற வரைக்கும் அவளைவிட அவன்தான் தாளம் போட்டுக்கொண்டிருப்பான்.

முதலில் கட்டுகஸ்தோட்டைக்குப் போனார்கள். அங்கே ஒரு பப்பரே குழு. கிரிக்கெட் மைதானத்தில் ஊதுவார்களே, அந்த ரகம். ட்ரம்பெட் வாசிக்கிறவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ‘இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட’ என்று சனத்தை முன்னுக்குத் தள்ளிக் கத்துகிற மனிசன். வாத்தியத்தைக் கையில் எடுத்தால் ஆளே மாறிவிடுகிறார். மற்ற எல்லாரையும் ஒவ்வொருவராக முன்னுக்கு விட்டு, தான் பின்னால் ஒதுங்கி நின்று, கடைசியில்தான் வாயில் வைக்கிறார். அவர் கடைசியாக வந்து சேர்கிற அந்த இடத்தில் காதைக் கொடுங்கள் என்று எழுதினாள்.

பிறகு அவள் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்யும் இளம் டாக்டர்மாரின் குழு. பெயரே ‘டியூட்டி ஓஃப்’. பெயரில்தான் ஓஃப், யாராவது ஒருத்தருக்கு எப்போதும் டியூட்டி இருக்கும். பாட்டு நடுவில் ஃபோன் அடிக்கும், ஒருத்தர் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு வார்டுக்கு ஓடுவார். பக்கத்தில் நிற்கிறவர் தாளம் பிசகாமல் அந்தக் கிட்டாரை எடுத்துக்கொள்வார். இப்படி ஓடி ஓடியே எல்லாரும் எல்லா வாத்தியமும் படித்துக்கொண்டுவிட்டார்கள். பஸ்லினா சிரித்துச் சிரித்துக் கேட்டாள், பிறகு சிரிப்பு நின்றுபோய்க் கேட்டாள். யார் எழுந்து போனாலும் பாட்டு நிற்பதில்லை, அந்தக் கை மாறுகிற இடத்தில் காதைக் கொடுங்கள் என்று எழுதினாள்.

பன்விலைக்குப் போனது பனி விழுகிற ஒரு மாலை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தப்பும் பேஸ் கிட்டாரும் சேர்த்து வாசிக்கிறார்கள். பாடுவது அன்னலட்சுமி, கொழுந்து எடுக்கிற பெண், தொண்டையைத் திறந்தால் மலை எதிரொலிக்கும். தப்பை நெருப்பில் காட்டிச் சூடேற்றித்தான் அடிப்பார்கள். பனியில் நேரம் போகப் போகத் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். மற்றவர்கள் என்றால் பாட்டை நிறுத்தி மறுபடி நெருப்பில் காட்டுவார்கள். அன்னலட்சுமி நிறுத்துவதில்லை. தப்பு இறங்கினால் அவளும் கூடவே இறங்குகிறாள், கிட்டார்காரனும் இறங்குகிறான். நடை பழகும் பிள்ளையோடு போகிற தாய் அதன் கால் வேகத்துக்குத் தன் நடையைக் குறைப்பாளே, அப்படி. திரும்பி வரும்போது பஸ்லினா நபீலின் முதுகில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு நல்ல பாட்டுக் கேட்டால் அழுகை வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

கடைசியாக மீந்தது ‘மேல்மாடி’.

மேல்மாடி என்பது நாலு பேர் குழு. கண்டி டவுனில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஜவாஹிர் நானாவின் டயர் கடை இருக்கிறது. அதன் மேல்மாடி அறையில் வாசிப்பதால் அந்தப் பெயர். டிரம்ஸ் அடிக்கிற யுகேஷ் ஹந்தானைத் தோட்டத்துப் பையன், பகலில் அதே கடையில் டயர் கழற்றி மாட்டுகிறவன். பாடுகிறவள் சுபாஜினி, மாநகரசபையில் கிளார்க். கிட்டாருக்கு சந்திரகுமார், கீபோர்டுக்கு ஜவாஹிர் நானாவின் தங்கை மகன் அஹ்னாப். பெரிய மேடை ஏறுவது நாலு பேருக்கும் இதுதான் முதல் தடவை. விழாக் குழு அவர்களுக்கு ஒதுக்கியது மத்தியான வெயில் நேரம். அந்த நேரத்தில் மைதானத்தில் இருக்கப்போவது கதிரை அடுக்குகிற ஆட்களும் காக்கையும்தான்.

ஒத்திகைக்குப் போக வேண்டிய நாளில் மகள் ஸனாவுக்குக் காய்ச்சல். சும்மா காய்ச்சல் இல்லை, பிள்ளை அனலாய்க் கொதித்தது. பஸ்லினா கட்டிலை விட்டு நகரவில்லை. யுகேஷுக்கு ஃபோன் பண்ணி, பாட்டைப் பதிந்து அனுப்பச் சொன்னாள். அவனும் வயரை நேரே மிக்ஸரில் குத்திச் சுத்தமாகப் பதிந்து அனுப்பினான்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கிப் பிள்ளை நன்றாகத் தூங்கியது. நபீல் பள்ளிக்குப் போகச் சேர்ட் அயன் பண்ணிக்கொண்டிருந்தான். பஸ்லினா இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள்.

பாட்டு, ஹந்தானைக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தி மலையேறி வீட்டுக்கு நடப்பதைப் பற்றியது. ‘கையில செருப்பு, காலுல மேடு’ என்று சுபாஜினி தொடங்கும்போதே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது சரணம் முடிந்தது. அப்போது, சொல்லிவைத்தாற்போல, எல்லாம் நின்றது. டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு, குரல் எதுவும் இல்லை. தேய்ந்து மறையவும் இல்லை, நாலு பேரும் ஒரே நொடியில் கையெடுத்துவிட்டார்கள். சில மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு எண்ணிக்கையும் இல்லை, குச்சி தட்டலும் இல்லை, நாலு பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். பஸ்லினாவுக்கு உடம்பு புல்லரித்தது. கை தன்னால் எழுந்து, தோளில் கிடந்த முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டது.

நபீல் அதைப் பார்த்தான். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால்தான் அவள் கை அப்படிப் போகும். “என்ன புள்ள, ஒனக்கு மட்டும் பாங்கு சொல்றாங்களா?” என்று பகிடி பண்ணினான்.

அவள் காதில் அது விழவில்லை. நபீல் சேர்ட் மாட்டி முடிப்பதற்குள் எழுதி முடித்துவிட்டாள். ‘மலையேறுகிறவள் மூச்சு வாங்க நிற்கிறாள். அவளோடு பாட்டும் நிற்கிறது. நம்மூரில் இவ்வளவு துணிச்சலாகச் சும்மா இருக்கத் தெரிந்த குழுவை நான் கேட்டதில்லை. இரண்டாவது சரணம் முடிந்ததும் காதைக் கொடுங்கள்.’

அந்தப் பதிவு போன போக்கைச் சொல்லி மாளாது. அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. விழாக் குழுவுக்கும் ஆசை வந்துவிட்டது, மேல்மாடியை மத்தியானத்திலிருந்து தூக்கி, மைதானம் நிரம்பி வழிகிற மாலை நேரத்தில், அந்தியில் வரும் மஃரிப் தொழுகை இடைவேளைக்கு முன்னால் போட்டார்கள்.

அடுத்த நாள் யுகேஷ் ஃபோன் பண்ணினான். நன்றி சொல்லப்போகிறான் என்றுதான் பஸ்லினா நினைத்தாள்.

“அக்கா, பாட்டு நடுவுல நாங்க நிப்பாட்டுறோம்னு போட்டிருக்கீங்க.”

“ஓ. ரெண்டாவது சரணத்துக்குப் பொறகு. என்ன துணிச்சல் தம்பி ஒங்களுக்கு.”

“அக்கா, அப்படி ஒரு எடம் அந்தப் பாட்டுல இல்லக்கா,” என்றான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை. பஸ்லினா ஃபோனை வைத்தாள். வேலை முடிந்த கையோடு நேரே டயர் கடைக்குப் போனாள்.

மேலே நாலு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். பேசுவதற்கு முன்னால் பாட்டைக் கேட்கிறேன் என்று அவள் மூலையில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. யுகேஷின் டிரம்ஸ் படிக்கட்டைப் பார்த்தபடி இருந்தது. முதல் சரணம் நடந்துகொண்டிருக்கும்போது கீழே டயர் மெஷின் நின்றது. படிக்கட்டின் அடியில் ஜவாஹிர் நானா வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து உதறித் தலையில் வைத்தார்.

யுகேஷின் கை அந்தரத்தில் நின்றது. அதே நொடியில் கிட்டாரும் கீபோர்டும் நின்றன. சுபாஜினி ஒரு சொல்லின் பாதியில் வாயை மூடி, மைக்கை அணைத்தாள். அப்போதுதான், ஜன்னலுக்கு வெளியே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மஃரிப் பாங்கு கேட்டது. நாலு பேரும் தலை குனிந்து அசையாமல் இருந்தார்கள். அஹ்னாப் மட்டும் பாங்குக்குப் பதில் சொல்லி உதடு அசைத்தான். பாங்கு முடிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. விட்ட சொல்லின் மீதிப் பாதியில் நாலு பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள்.

பஸ்லினா கதிரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் ஏமாந்திருந்தால் விட்டுவிடலாம். பிறந்த நாள் முதல் அன்றாடம் பாங்கு கேட்டு வளர்ந்தவள், அந்த நிறுத்தத்தை எப்படித் தெரிந்துகொள்ளாமல் போனாள்?

தொழுதுவிட்டு வந்த ஜவாஹிர் நானாதான் விளக்கினார். “ரூம் குடுக்கக்கொள்ள ஒரே ஒரு கதைதான் சொன்னேன் மகள். வாடகை பொறகு பாப்போம், பாங்கு சொன்னா நிப்பாட்டோணும் என்டு. இவனுகள் அடிக்கிற அடியில பாங்கு எங்க கேக்கிய? அதான் நான் வந்து நின்டு தொப்பிய வைப்பேன். இவனுகளும் ஒரு நாளும் மாறு செஞ்சதில்ல.”

“பதியிறப்பவும் அப்படித்தான் நின்னுச்சுக்கா,” என்றான் யுகேஷ். “மைக்க அணைச்சதால பாங்கு பதியல, நீளமா சத்தமில்லாம இருந்துச்சு, வெட்டிட்டேன். முழுசா வெட்டினா ஒதைக்கிற மாதிரி கேட்டுச்சு. அதான் கொஞ்சம் விட்டு வச்சேன். நீங்க அதப் போயி...”

“அப்ப, நான் எழுதின மாதிரியே ஒருக்காச் செஞ்சு பாக்க ஏலாதா?” என்று கேட்டாள் பஸ்லினா.

செய்து பார்த்தார்கள். அந்தக் கண்ராவியை என்னவென்று சொல்ல. இரண்டாவது சரணம் முடிந்ததும் நிறுத்தினார்கள், சந்திரகுமார் முந்திக்கொண்டு வந்தான். மறுபடி நிறுத்தினார்கள், அஹ்னாப் பிந்தினான். யுகேஷ் குச்சியைத் தட்டி எண்ணினான், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மாதிரி ஆகிவிட்டது. சற்று முன்னால் விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக எழுந்த அதே நாலு பேர்தான்.

“பாங்குக்கு நிப்பாட்டினா மட்டும் எப்பிடி சரியா வாறீங்க?” என்று பஸ்லினா கேட்டாள்.

“தெரியலக்கா,” என்றாள் சுபாஜினி. “பாங்கு முடியும். நாங்க வருவோம். அத யாரும் யோசிச்சதில்ல.”

பஸ்லினா எழுந்து நின்றாள். “பிழ என்ட. வராம, கேக்காம எழுதினது நான். இன்டைக்கே திருத்தம் போட்டுர்றேன்.”

“போடுங்க,” என்றாள் சுபாஜினி. அதிர்ந்து பேசுகிற பெண் இல்லை அவள். “போட்டா எங்களத் திரும்ப மத்தியானத்துக்குத் தள்ளிருவாங்க. நான் பாடுறது எங்க ஆபிஸ்ல ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. இப்ப எல்லாரும் வாறேன்னு சொல்றாங்க. அம்மா விழாவுக்குக் கட்டத் தனக்குப் புதுச் சாரி எடுத்து அலுமாரியில வச்சிருக்காங்க. நாளுக்கொருதரம் எடுத்துப் பாக்குறாங்க.”

“போடாட்டி? அந்த எடத்துக்காகக் காத்து நிக்கிய சனம் ஒங்களப் பாத்துத்தானே சிரிக்கும். மேடையில பயந்து மறந்துட்டாங்க என்டு சொல்லும்.”

“சிரிக்கட்டும். நாங்க இருக்கிற பாட்டப் பாடுறோம். இல்லாதத எங்களால பாட முடியாது.”

அவ்வளவுதான் பேச்சு. பஸ்லினா படியிறங்கினாள். திருத்தம் போட்டால் அவர்கள் மேடை போகும், போடாவிட்டால் அவர்கள் மானம் போகும். இரண்டுக்கும் அவளுடைய வாய்தான் காரணம். தன் பெயர் கெடுவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். அந்தப் பெண்ணை ஆயிரம் பேர் முன்னால் நிறுத்தி, நான் சொன்ன பொய்க்கு நீ பதில் சொல் என்று விட்டுவிட்டேனே என்பதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. வீட்டுக்கு வந்து நபீலிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“பாட்டு முடிஞ்ச ஒடனே உண்மைய எழுதிப் போட்டுரு,” என்றான் அவன். “அதுக்கு முந்தி ஒன்டும் செய்யேலாது. அவங்க ரிஸ்க். அவங்க முடிவு.”

விழாவன்று மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. மைதானம் சேறானது, வயரையெல்லாம் துடைத்துக் காயவைத்து நிகழ்ச்சி தொடங்கவே நேரமாகிவிட்டது. ஆனால் தொடங்கியதும் சனம் குடையை மடக்கிக்கொண்டு வந்து குவிந்தது. கண்டக்டர் ட்ரம்பெட்டை வாயில் வைத்தபோது மைதானமே தலையாட்டியது. டியூட்டி ஓஃப் வாசிக்கும்போது நிசமாகவே ஒரு டாக்டர் இறங்கி ஓட, கிட்டார் கை மாற, சனம் விசிலடித்தது. அன்னலட்சுமி மழை ஈரத்தில் தொய்ந்த தப்போடு இறங்கி இறங்கிப் பாடினபோது, முன்வரிசையில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்றவர்கள் பஸ்லினாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் முள்ளாய்க் குத்தியது.

மேல்மாடி மேடை ஏறினபோது வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது. முன்வரிசைக் கதிரையில் ஜவாஹிர் நானா வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். இத்தனை காலமும் அந்தப் பிள்ளைகளின் பாட்டைக் கூரைக்குக் கீழே இருந்து கேட்டவர், இன்றைக்குத்தான் முகம் பார்த்துக் கேட்கிறார். அவருக்கு இரண்டு கதிரை தள்ளி, சுபாஜினியின் அம்மா அந்தப் புதுச் சாரியில் இருந்தார். பஸ்லினாவும் நபீலும் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றார்கள்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. பிறகு சுபாஜினி மைக்கைப் பிடித்து, “கடைசி பஸ்,” என்றாள். மைதானம் முழுக்க ‘உஷ், உஷ்’ என்று அடங்கியது. அதுதான் அந்தப் பாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கொரு ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

‘கையில செருப்பு, காலுல மேடு.’ இவ்வளவு நன்றாக அவள் பாடி பஸ்லினா கேட்டதில்லை. குரல் ஆற்றைத் தாண்டிப் போய் எதிர்க்கரை மரங்களில் பட்டுத் திரும்பியது. முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் வந்தது. பஸ்லினா நபீலின் கையைப் பிடித்தாள். இரண்டாவது சரணம் முடிந்தது.

பாட்டு நிற்கவில்லை. யுகேஷ் உருட்டிக்கொண்டு நேரே மூன்றாவது சரணத்துக்குள் போனான்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தூக்கின ஃபோன்கள் சில இறங்கின. “எங்க, நிப்பாட்டவே இல்லயே?” என்று பின்னால் ஒருத்தர் கேட்டார். “மறந்துட்டாங்க போல. பாவம், பயம்,” என்றார் இன்னொருத்தர். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மேடைக்கும் கேட்டிருக்க வேண்டும், சுபாஜினியின் முகம் ஒரு கணம் வாடியது. ஆனாலும் விடாமல் பாடினாள். பஸ்லினாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

மழையால் நேரம் தள்ளிப்போனதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விழாக் குழு இடைவேளையை மறந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் ரோட்டுக்கு அப்பால் இருக்கும் பள்ளிவாசலில் பாங்கு சொன்னாலும் யார் காதிலும் விழாது. ஜவாஹிர் நானா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து, உதறி, தலையில் வைத்தார். மேடைக்கு ஒரு சைகையும் காட்டவில்லை. தொழப் போவதற்காக எழுந்தார், அவ்வளவுதான்.

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து யுகேஷ் அந்தத் தொப்பியைப் பார்த்தான்.

‘தூரத்துல நம்ம லைன் வீட்டுல ஒரு லைட்டு எரியு—’

நின்றது. நாலு பேரும் ஒரே நொடியில் நின்றார்கள். சுபாஜினி சொல்லின் பாதியில் வாயை மூடி மைக்கை அணைத்தாள். பெரிய பெரிய ஸ்பீக்கரெல்லாம் வாயடைத்துப்போயின. அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதியில், ஈர மைதானத்துக்கு மேலே, பாங்கு வந்தது.

யாரும் அசையவில்லை. சாரி கட்டின பெண்கள், தொப்பி போட்ட பெரியவர்கள், கம்பஸ் பிள்ளைகள், கடலைக்காரன், அந்தப் போலீஸ்காரர், எல்லாரும் அப்படியே நின்றார்கள். பாதிச் சனத்துக்கு அது பாங்குக்கான மரியாதை, மீதிப் பாதிக்கு அது பாட்டின் ஒரு பகுதி. யாருக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மைதானம் ஒன்றாகச் சும்மா இருந்தது. ஜவாஹிர் நானா மட்டும் சாரனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துச் சேற்றில் மெல்ல நடந்து போனார்.

பாங்கு முடிந்தது. மேடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. யுகேஷ் குச்சியைத் தட்டவில்லை.

‘—தே.’

நாலு பேரும் ஒன்றாக அந்த எழுத்தின் மேல் வந்து விழுந்தார்கள். சனம் போட்ட சத்தத்தில் ஆற்றோரத்து வௌவால்களெல்லாம் எழும்பிப் பறந்தன. சுபாஜினியின் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுபாஜினி சிரித்தபடி பாடினாள், பாடினபடி சிரித்தாள். எத்தனையோ பின்னேரங்கள் அந்த டயர் கடைக்கு மேலே, ஒரு மனிசனுக்குக் கொடுத்த வாக்குக்காக பாட்டை நிறுத்தி நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து எடுத்த பிள்ளைகள் அவர்கள். அந்தக் கை இப்போது ஆயிரம் பேருக்கு முன்னாலும் பிசகவில்லை.

“ரெண்டாவது சரணத்துக்குப் பொறகுன்னுதான எழுதியிருந்துச்சு?” என்றார் பின்னால் நின்றவர். பிறகு பஸ்லினாவை அடையாளம் கண்டுகொண்டு, “மிஸ், எடம் கொஞ்சம் மாறிப்போச்சு. ஆனா நீங்க சொன்னதவிட நல்லா இருந்துச்சு. இப்படி வரும்னு எப்படி முன்னாடியே தெரிஞ்சுச்சு உங்களுக்கு?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது,” என்றாள் பஸ்லினா. “நான் எழுதினது பிழ. அது பாட்டுல இல்ல. பாங்கு சொன்னா அந்தப் புள்ளைகள் நிப்பாட்டுவாங்க, முடிஞ்சா விட்ட எடத்துலேந்து எடுப்பாங்க. நான் அதக் கேட்டுட்டுப் பாட்டு என்டு நெனச்சுட்டேன். நாளைக்கு அப்பிடியே எழுதுவேன்.”

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, மறுபடி மேடையைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினார்.

நபீல் அவளுடைய வலது கையைத் தொட்டான். அப்போதுதான் அவள் கவனித்தாள். கை தலைக்கு மேலே, முக்காட்டின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தது. முக்காடு காலையில் வீட்டை விட்டு இறங்கும்போதே ஒழுங்காகப் போட்டதுதான், இழுத்துவிட அங்கே ஒன்றும் இல்லை. பாட்டு நின்ற நொடியில் கை தன்னால் போயிருக்கிறது.

“அன்டைக்கும் இப்பிடித்தான்,” என்றான் நபீல். “ஹெட்போன் போட்டுக்கிட்டு இருந்த நீ, முக்காட்ட இழுத்துவிட்ட. நான் பகிடிக்கு, பாங்கா சொல்றாங்க என்டு கேட்டேன். ஒனக்கு அன்டைக்கே தெரிஞ்சிரிக்கி, புள்ள.”

பஸ்லினா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் மேடையில் சுபாஜினி கடைசி வரிகளுக்கு வந்துவிட்டாள், மலையேறி வந்தவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், அதைத் தவறவிட பஸ்லினாவுக்கு மனமில்லை. கையை இறக்கி நபீலின் கைக்குள் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிற வரைக்கும் கேட்டாள்.